அடித்துக் காட்டிய 109, கட்டச் சொல்லும் 60: மர்ம ஹோட்டல் சேமிப்பின் கணக்கு

கேள்வி இதுதான்: பெயரைச் சொல்லாமல் விற்கும் ஒரு ஹோட்டல் அறை கண்ணில் பட்டிருக்கிறது. நான்கு நட்சத்திரம், நகர மையம், ஓர் இரவுக்கு 60 (எந்த நாணயம் என்பது இங்கே முக்கியமில்லை). பக்கத்திலேயே 109 என்ற எண்ணைக் கோடு போட்டு அடித்து, ‘45% சேமிப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். பணம் கட்டிய பிறகுதான் ஹோட்டலின் பெயர் தெரியும். கட்டிய பணம் திரும்பாது. இந்த 45 எங்கிருந்து வந்தது, இதை நம்பலாமா, இரண்டு பிள்ளைகளோடு போகிறவர்கள் வாங்கலாமா?

அந்த அறை மலிவாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. 45 சதவீதம் மலிவாக இருக்கத்தான் வாய்ப்பு குறைவு. 60 என்பது நீங்கள் கட்டப்போகும் தொகை, அதில் ஏமாற்று இல்லை. 109 யார் எப்போது கட்டிய தொகை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெயரை ஏன் மறைக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். ஹோட்டல் அறை ஒரே இரவில் கெட்டுப்போகும் சரக்கு. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. அறையைத் துடைத்து விரிப்பு மாற்றும் செலவுக்கு மேல் எது கிடைத்தாலும் ஹோட்டலுக்கு வரவுதான். ஆனால் தன் பெயரைப் போட்டு 60க்கு விற்றால், 90 கொடுக்கத் தயாராக இருந்தவரும் 60க்கே வருவார்; நேற்று 90 கொடுத்தவர் சண்டைக்கு வருவார். போதாததற்கு, மற்ற முன்பதிவுத் தளங்களோடு செய்த ஒப்பந்தத்தில் ‘எங்களிடம் இருப்பதைவிடக் குறைந்த விலையை வேறெங்கும் வெளியிடக் கூடாது’ என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும். பெயரை மறைத்துவிட்டால் மூன்று தொல்லையும் ஒரேயடியாகத் தீர்ந்தது. விலை வெளியே தெரிகிறது, யாருடைய விலை என்பது தெரியவில்லை. பெயரைப் பற்றி, கட்டில் வகையைப் பற்றி, ரத்து செய்வதைப் பற்றிக் கவலைப்படாதவர் மட்டும்தான் அதை வாங்குவார். ஹோட்டலுக்கு வேண்டியதும் அந்த ஆள்தான். எனவே தள்ளுபடி பொய்யல்ல. அதற்கு நியாயமான வியாபாரக் காரணம் இருக்கிறது.

இந்த வியாபாரத்தைப் பெரிய அளவில் தொடங்கியது பிரைஸ்லைன் என்ற அமெரிக்க முன்பதிவுத் தளம். 1998இல் வந்த அதன் முறையில் விலையைச் சொல்வது வாங்குகிறவர் வேலை: நட்சத்திரம் இவ்வளவு, பகுதி இது, என்னால் இவ்வளவு தர முடியும் என்று எழுதி அட்டை எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். ஏதாவது ஒரு ஹோட்டல் சம்மதித்தால் பணம் எடுக்கப்பட்டுவிடும், பிறகுதான் பெயர். 2000இல் வந்த ஹாட்வயர் இதைத் திருப்பிப் போட்டது. விலையைத் தளமே சொல்லும், பெயரை மட்டும் மறைக்கும். 2012இல் பிரைஸ்லைனும் அதே வகை விற்பனையைத் தொடங்கியது. வாங்குகிறவரே விலை சொல்லும் பழைய முறை பின்னர் மெல்ல ஒதுங்கிப்போனது. பிரிட்டனில் லாஸ்ட்மினிட் டாட் காம் இதையே ‘பரம ரகசிய ஹோட்டல்’ என்ற பொருள்படும் பெயரில் விற்கிறது.

இந்த மாற்றம் நம் கேள்விக்கு நேராகத் தொடர்புடையது. விலையை நீங்களே எழுதியபோது, அது மலிவா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பும் உங்களுடையது. நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் எழுதினீர்கள். விலையைத் தளம் சொல்லத் தொடங்கியதும், அது மலிவு என்று நம்பவைக்கும் வேலையும் தளத்தின் தலையில் விழுந்தது. அடித்த விலை அந்த வேலையைச் செய்யத்தான் ஒவ்வோர் அறையின் பக்கத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி அந்த 109. அது என்னவாக இருக்கலாம்? அதே ஹோட்டலின் அதே அறை, அதே தேதிக்கு, அதே தளத்தில் பெயரோடு விற்கப்படும் விலையாக இருக்கலாம். அப்படியானால் நல்லது, ஒப்பீடு ஏறக்குறைய நேர்மையானது. அந்தப் பகுதியின் நான்கு நட்சத்திர ஹோட்டல்களுடைய சராசரியாகவும் இருக்கலாம்; அப்போது உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்தக் கூட்டத்திலேயே எப்போதும் மலிவான ஹோட்டலாக இருந்தால், சேமிப்பில் பாதி வெறும் மாயை. கடந்த சில மாதங்களில் விற்ற விலைகளின் நடுமதிப்பாக இருந்தால், கூட்டம் குவிந்த மாதத்து விலையை வைத்துக் காற்று வாங்கும் மாதத்து அறையை அளக்கிறார்கள். ஹோட்டல் தன் பட்டியலில் எழுதி வைத்திருக்கும் உச்ச விலையாகவும் இருக்கலாம். அந்த விலைக்கு அறை எடுத்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

எந்த வகை என்பது பெரும்பாலும் எழுதித்தான் இருக்கும். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில், நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில். அங்கே தேட வேண்டியது மூன்று விஷயங்கள்: எந்த ஹோட்டலோடு ஒப்பிட்டார்கள், எந்தத் தேதியோடு, வரி சேர்த்தா சேர்க்காமலா. மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்தச் சதவீதத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

விளம்பரப் பலகையில் வரும் ‘60% வரை சேமிப்பு’ என்பதில் ‘வரை’தான் முழுச் சுமையையும் தாங்கும் சொல். ஆயிரம் அறைகளில் ஒன்று 60 சதவீதத்தைத் தொட்டாலும் வாக்கியம் உண்மையாகிவிடும். ‘வாடிக்கையாளர்கள் சராசரியாக இவ்வளவு சேமிக்கிறார்கள்’ என்பது இதைவிட நாசூக்கானது. சராசரி எடுப்பது விற்றுப்போன அறைகளிலிருந்து. மக்கள் எதை வாங்குவார்கள்? தள்ளுபடி கண்ணைப் பறிக்கிற அறையை. ஐந்து சதவீதம் குறைந்த மர்ம அறையை யாரும் சீந்துவதில்லை, அதனால் அது சராசரியிலும் சேருவதில்லை. எண் சரியாகவே இருக்கும், ஆனால் உங்கள் திரையில் இருக்கும் அறையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஒப்பீட்டில் விளையாடுவது கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல, நீதிமன்றம் வரை போனதுதான். ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் ட்ரிவாகோ என்ற ஹோட்டல் விலை ஒப்பீட்டுத் தளத்தின் மீது தொடர்ந்த வழக்கில், அந்நாட்டின் ஃபெடரல் நீதிமன்றம் 2020 ஜனவரியில் அது வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதாகத் தீர்ப்பளித்தது. அதில் ஓர் அம்சம் நம் விஷயமே: அடித்துக் காட்டிய விலை பல சமயம் அதே ஹோட்டலின் ஆடம்பர அறைக்கு உரியது, பக்கத்தில் பளிச்சென்று காட்டிய விலையோ சாதாரண அறைக்கு. 2022இல் விதிக்கப்பட்ட அபராதம் 4 கோடியே 47 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டனின் போட்டி ஆணையம் எக்ஸ்பீடியா, புக்கிங் டாட் காம், அகோடா உள்ளிட்ட ஆறு தளங்களிடம் 2019இல் உறுதிமொழி வாங்கியபோதும் இதே ரகக் குறைகளைத்தான் எடுத்துக்காட்டியது: வார இறுதி விலையோடு வார நாள் விலையை ஒப்பிடுவது, சொகுசு அறையோடு சாதாரண அறையை ஒப்பிடுவது. அவை பெரும்பாலும் ஹோட்டலைப் பெயரோடு காட்டும் தளங்கள். வாங்குகிறவர் நினைத்தால் சரிபார்க்க முடியும். பெயரே தெரியாத அறையில் அடித்த விலையை நீங்கள் எதோடு வைத்துச் சரிபார்ப்பீர்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் தள்ளுபடி அறிவித்தால் கடந்த 30 நாளின் மிகக் குறைந்த விலையைக் காட்டியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது 2022 மே முதல் நடைமுறையில் இருப்பது உண்மை. ஆனால் பொருள்களுக்கு மட்டும். ஹோட்டல் அறை சேவை என்பதால் அந்த விதிக்குள் வராது.

இனி உங்கள் அறையையே கையில் எடுப்போம். இனி வரும் மற்ற எண்கள் என் உதாரணம்தான், விகிதங்கள் நான் அடிக்கடி பார்ப்பவை. 109ஐ மறந்துவிட்டு, அதே பகுதியில், அதே இரவுக்கு, அதே நட்சத்திரத்தில் பெயரோடு கிடைக்கும் அறைகளைத் தேடுங்கள். ஒரு ஹோட்டலின் சொந்தத் தளத்தில், இலவசமாகப் பதிவு செய்துகொண்ட உறுப்பினருக்கு 74 என்று இருக்கிறது. முந்தைய நாள் வரை ரத்து செய்யலாம். மர்ம அறை இல்லாவிட்டால் நீங்கள் எடுத்திருக்கப்போவது இதைத்தான். ஆக 45 சதவீதம் இங்கேயே 19 ஆகிவிட்டது: 74இல் 14 மிச்சம்.

அடுத்த திரைக்குப் போங்கள். மர்ம அறைக்கு ‘வரியும் கட்டணங்களும்’ என்று 13 சேருகிறது, மொத்தம் 73. ஹோட்டல் தளத்தில் வரி 9 மட்டும், மொத்தம் 83. முன்னதில் ஏன் அதிகம் என்றால், அந்த ஒரே எண்ணில் தளத்தின் சேவைக் கட்டணமும் வரியோடு கலந்து உட்கார்ந்திருக்கும். தனியாகப் பிரித்துக் காட்டமாட்டார்கள். இப்போது மிச்சம் 10. 83இல் 10 என்றால் 12 சதவீதம்.

சில இடங்களில் இதோடும் முடிவதில்லை. ரிசார்ட் கட்டணம், வசதிக் கட்டணம் என்று ஏதோ ஒரு பெயரில் வரவேற்பு மேசையில் தனியாக 15 கேட்பார்கள். அதற்குத் தள்ளுபடி கிடையாது. மர்ம விலையில் வந்தவரும் முழு விலையில் வந்தவரும் அதையே கட்ட வேண்டும். 98க்கு எதிரே 88. சேமிப்பு பத்து சதவீதம். கட்டணம் நிலையாக இருக்க அறை விலை குறையக் குறைய, மொத்தத்தில் கட்டணத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது மலிவு அறைகளுக்கென்றே சொன்னது போல இருக்கிறது. அமெரிக்காவில் 2025 மே 12 முதல், தங்குமிட விலையைக் காட்டும்போதே கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த மொத்தத்தைக் காட்ட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. அரசு வரியை மட்டும் பிறகு சேர்க்கலாம். அப்படி விதியில்லாத இடங்களில், கடைசித் திரை வரை போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பத்து சதவீதம் மிச்சம் என்றாலும் மிச்சம்தானே? உண்டு. ஆனால் அந்த 73 திரும்பாத பணம், 83 திரும்பும் பணம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நீங்கள் போடும் பயணத் திட்டங்களில் பத்தில் ஒன்று கடைசி நேரத்தில் ரத்தாகும் என்று வையுங்கள். பத்து முறையும் மர்ம அறை எடுத்தால் 730 போகும். பத்து முறையும் ரத்து செய்யக்கூடிய அறை எடுத்தால் ஒன்பதுக்கு மட்டும் பணம்: 747. பத்துப் பயணத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது 17. எட்டில் ஒன்று ரத்தானால்? 584க்கு எதிரே 581. மர்ம அறை மூன்று நஷ்டம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எட்டுத் திட்டத்தில் ஒன்று காய்ச்சலால் கவிழ்வது அதிசயமில்லை. மாறாக, இன்று மாலை அந்த ஊரில் இறங்கி நின்றுகொண்டு இன்றிரவுக்கு அறை தேடுகிறவருக்கு ரத்து செய்யும் உரிமையால் ஒரு காசு பயனில்லை. அவருக்கு அந்தப் பத்து முழுசாக மிச்சம். ஒரே அறை, ஒரே விலை, ஆளுக்கு ஆள் சேமிப்பு வேறு.

இதற்கு மேல் சில சில்லறை இழப்புகள் உண்டு. ஹோட்டல் குழுமங்களின் உறுப்பினர் புள்ளிகள் இந்த முன்பதிவுகளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. ‘வேறெங்காவது குறைவாகக் கண்டால் அந்த விலைக்கே தருகிறோம்’ என்று ஹோட்டல்கள் தரும் உறுதியும் பெயர் மறைத்த விலைகளுக்குப் பொருந்தாது என்று விதிகளிலேயே எழுதியிருக்கும். காலை உணவு பெரும்பாலும் சேராது. வேறு நாட்டு நாணயத்தில் பணம் எடுத்தால் அட்டைக் கட்டணம் தனி.

நட்சத்திரத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நாலு நட்சத்திரம் என்றால் உலகம் முழுவதும் ஒரே அளவு என்று எதுவும் இல்லை. பல நாடுகளில் அரசு வகைப்பாடே கிடையாது. தளம் தானே ஒரு மதிப்பைப் போட்டுக்கொள்ளும். ஒரு தளத்தில் நான்காக இருக்கும் ஹோட்டல் இன்னொன்றில் மூன்றரையாக இருக்கலாம். ஒப்பீட்டு விலை நாலு நட்சத்திரக் கூட்டத்திலிருந்து எடுத்தது, அறை மூன்றரை என்றால், அந்த அரை நட்சத்திரமும் சேமிப்புக் கணக்கில் ஏறிக் கொண்டிருக்கிறது.

பகுதி எல்லை இன்னொரு வம்பு. நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ‘நகர மையம்’ என்று வரைபடத்தில் நிறம் தீட்டிய பகுதியைப் பார்த்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு பணம் கட்டினேன். வந்த ஹோட்டல் அந்த நிறத்தின் கடைசி ஓரத்தில், சாலையைக் கடந்தால் அடுத்த பகுதி. இரண்டு நாள் போகவர ஆன டாக்சிச் செலவு நான் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிட்டது. தளம் பொய் சொல்லவில்லை; நிறத்துக்குள்தான் ஹோட்டல் இருந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: பகுதியின் மிக மோசமான மூலையில் ஹோட்டல் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவேன். அப்போதும் லாபமாகத் தெரிந்தால் மட்டும் வாங்குவேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நான் வருடத்தில் சில முறை மர்ம அறை எடுக்கிறவன்தான். எங்கே உண்மையாகவே மிச்சமாகிறது என்றால், பெரிய நகரத்தில், ஒரே பகுதியில் பத்துப் பன்னிரண்டு உயர்தர ஹோட்டல்கள் நெருக்கியடித்து நிற்கும்போது. அலுவலக வேலையாக வருபவர்களை நம்பியிருக்கும் ஹோட்டல்கள் வார இறுதியில் காலியாகிவிடும். அப்போது அவர்கள் தரும் மறைவு விலை நிஜமாகவே இறங்கும். பெயருக்கு மதிப்பு உள்ள ஹோட்டல்தான் பெயரை மறைக்க அதிகம் விட்டுக்கொடுக்கும். எனவே நான்கு, ஐந்து நட்சத்திரங்களில் இறக்கம் தாராளமாக இருக்கும். இரண்டு நட்சத்திர அறையில் இறக்க என்ன இருக்கிறது? ஊரே நிறைந்திருக்கும் பெரிய மாநாட்டு நாட்களில், திருவிழா நாட்களில் மர்மத்துக்கு வேலையே இல்லை. முழு விலைக்கு ஆள் வரிசையில் நிற்கும்போது யார் பெயரை மறைத்துக் குறைத்து விற்பார்கள்? அப்போதும் அடித்த விலை மட்டும் தவறாமல் திரையில் இருக்கும்.

பெயரை ஓரளவு ஊகிக்கவும் முடியும், அது ஒன்றும் திருட்டு வேலை அல்ல. மர்ம அறையின் பக்கத்தில் நட்சத்திரம், பகுதி, விருந்தினர் மதிப்பெண், வசதிப் பட்டியல் எல்லாம் இருக்கும். அதே தளத்தில் பெயரோடு இருக்கும் ஹோட்டல்களை அதே பகுதிக்கும் நட்சத்திரத்துக்கும் வடிகட்டி, வசதிகளை ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். நீச்சல் குளம் உண்டு, வளர்ப்பு விலங்குக்கு அனுமதி உண்டு, வாகன நிறுத்தம் இலவசம் என்ற மூன்றும் ஒன்றாகச் சேரும் ஹோட்டல் அந்தப் பகுதியில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். சில தளங்கள் இப்போது மூன்று ஹோட்டல்களின் பெயரையே காட்டி, இதில் ஒன்று கிடைக்கும் என்கின்றன. அப்படியென்றால் மூன்றில் மலிவானது கிடைக்கும் என்று வைத்து அதன் விலையோடு ஒப்பிடுங்கள். அதோடு ஒப்பிட்டும் லாபம் இருந்தால் சரி.

ஒப்பிடுவதைப் பணம் கட்டும் முன்னால், அதே நேரத்தில் செய்துவிட வேண்டும். நிறையப் பேர் பெயர் தெரிந்த பிறகு, ஒரு வாரம் கழித்துப் போய் அந்த ஹோட்டலின் விலையைப் பார்ப்பார்கள். அதற்குள் மலிவு அறைகள் விற்றுப்போய் விலை ஏறியிருக்கும். ‘பார்த்தாயா, 130 அறையை 73க்கு வாங்கினேன்’ என்று தோன்றும். அன்று அவருக்கு 83க்கு அறை கிடைத்திருக்கும் என்பது ஞாபகத்தில் இருக்காது. கட்டிய பிறகு விலை இறங்கியதைப் பார்த்தவர்களோ அதைப் பற்றி வெளியே பேசுவதே இல்லை.

பிள்ளைகளோடு போகும் உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மர்ம அறையில் பொதுவாக உறுதியாகச் சொல்வது பெரியவர்கள் இருவருக்கு இடம் என்பது மட்டும்தான். ஒரு பெரிய கட்டிலா, இரண்டு கட்டிலா என்பது நீங்கள் போய் இறங்கும்போது மீதி இருப்பதைப் பொறுத்தது. கூடுதல் கட்டிலுக்கு மேசையில் தனியாக வாங்குவார்கள். நாலு பேருக்கு ஒரு கட்டில் கிடைத்து, இன்னொரு அறை எடுக்க நேர்ந்தால், அந்த 10 எந்த மூலைக்கு? முன்பதிவு செய்யும்போது குழந்தைகளின் எண்ணிக்கையைப் போட்டுத் தேட அந்தத் தளம் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். கொடுக்காவிட்டால் 74க்குக் கிடைக்கும் அறையை இரண்டு கட்டில் என்று குறிப்பிட்டே எடுத்துவிடுங்கள். அது ரத்து செய்யக்கூடியது. புறப்படுவதற்கு முந்தைய நாள், ரத்துக் கெடு முடிவதற்குள், மர்ம விலைகளை இன்னொரு தடவை திறந்து பாருங்கள். காய்ச்சல் எதுவும் இல்லாமல், விலை 45ஓ 50ஓ என்று இறங்கியிருந்து, பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்றால், அப்போது மாறிக்கொள்ளலாம்.